தெருமுனை வரைக்கும் ஒரு பாட்டு

மனித நாகரிகம் ஓசையில் பிறந்தது. முரசு முழங்கித்தான் படைகள் நடந்தன. மணி அடித்துத்தான் ஊர்கள் விழித்தன. எஞ்சின் உறுமித்தான் மனிதன் தூரத்தை வென்றான். ஓசை இல்லாத வண்டி, குரல் இல்லாத தலைவனுக்குச் சமம்.

“ஏங்க, மூக்குக்குக் கீழ சோப்பு காயுது பாருங்க,” என்று குளியலறை வாசலில் நின்று சொன்னாள் மனைவி.

தலைவர், மைக்காகப் பிடித்திருந்த ரேசரை இறக்கினார். கண்ணாடியில் இருந்த கூட்டம் கலைந்தது.

“பேச்சு எப்படி இருக்கு?”

“நல்லா இருக்கு. வெந்நீர் ஆறுது.”

அவள் அதிகம் பேசுகிறவள் இல்லை. அந்த வீட்டில் பேச்சு இலாகா முழுக்கத் தலைவர் வசம் இருந்தது.

சென்ற வாரம் ‘இடிமுழக்கம்’ மோட்டார் சைக்கிள் சங்கக் கூட்டத்தில் நடந்த அமளியை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மறந்திருந்தாலும் பாதகமில்லை, நடந்தது இவ்வளவுதான். ஞாயிறுதோறும் காலையில் ஊரை எழுப்பிக்கொண்டு போய், எங்கேயாவது டீ குடித்துவிட்டு, மறுபடியும் ஊரை எழுப்பிக்கொண்டு திரும்பும் சங்கம் அது. உறுப்பினர் எல்லோருக்கும் ஐம்பது தாண்டிவிட்டது. முழங்கால் எல்லோருக்கும் அதற்கும் முன்பே தாண்டிவிட்டது. அதில் சேர ஒரு பல் டாக்டரம்மா மனுப் போட்டார். அவரிடம் இருந்தது மின்சார மோட்டார் சைக்கிள். வேகத்தில் சங்கத்து வண்டிகள் அத்தனையையும் சிக்னலிலேயே விட்டுவிட்டுப் போகக்கூடியது. ஆகவே வேகம் முக்கியமில்லை என்று அன்றே முடிவாயிற்று.

“மிக்ஸிக்குச் சக்கரம் வெச்ச மாதிரி,” என்றார் செயலாளர்.

“ஷேவிங் மெஷின்,” என்றார் பொருளாளர்.

இருவரும் அதை ஓட்டியதில்லை. ஓட்டிப் பார்த்தால் கருத்து கெட்டுவிடும் என்ற பயம்தான். கடைசியில், தலைவரே ஒரு நாள் அந்த வண்டியை ஓட்டிப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வது என்று தீர்மானித்தார்கள். தீர்ப்பு என்ன என்பதையும் அப்போதே தீர்மானித்துவிட்டார்கள். ஓட்டுவது மட்டும்தான் பாக்கி.

தலைவருக்குத் தொழில் குழாய், ஷவர், கழிவறைச் சாமான் வியாபாரம். கருத்துச் சொல்வது அதற்கு மேல். படத்தைப் பற்றிப் போஸ்டரைப் பார்த்தே சொல்வார். மாப்பிள்ளைகளைப் பற்றிச் செருப்பைப் பார்த்தே சொல்வார். வண்டிக்கு எடை இருந்தால்தான் மரியாதை என்பதும் அவர் கருத்துதான். சங்கத்திலேயே கனமான வண்டி அவருடையது.

“அந்த டாக்டரம்மா எனக்கும் வேலை குடுக்கறவங்கதான்,” என்றாள் மனைவி, துண்டை நீட்டியபடி. “பார்த்துப் பேசுங்க.”

பின்னறையில் அவள் பல்செட் செய்கிறாள். ஊரில் உள்ள பல் மருத்துவமனைகளிலிருந்து நோயாளிகளின் வாய் அச்சு வரும். இவள் மெழுகில் பல் பதித்து, ராவி, மெருகேற்றி அனுப்புவாள். அவள் செய்த பல்லால் சிரிக்கிறவர்கள் ஊரெல்லாம் இருந்தார்கள்.

“தனிப்பட்ட முறையில் எதுவும் இல்ல. கொள்கை,” என்றார் தலைவர், துண்டுக்குள்ளிருந்து.

*

மின்சார மோட்டார் சைக்கிள் கடையில் சோதனை ஓட்டத்துக்குப் பொறுப்பு யார் என்று கேட்டால் தலைவர் அண்ணாந்து கூரையைப் பார்ப்பார். அவர் மகள்தான். எதிரிக் கூடாரத்தில் சம்பளம் வாங்குகிறாள் என்பதைச் சங்கத்தில் அவர் இன்னும் சொல்லவில்லை. ‘ஏதோ கம்ப்யூட்டர் வேலை’ என்று வைத்திருந்தார்.

“இங்க நான் உங்க பொண்ணு இல்லப்பா. கஸ்டமர்கிட்ட பேசற மாதிரிதான் பேசுவேன்,” என்றாள் அவள்.

“பேசு.”

“உங்க வண்டியை ஷெட்டுல விட்டுட்டு அந்தச் சட்டைப் பட்டனைப் போடுங்க சார். காத்துல பறக்கும்.”

வண்டி தாழ்வாக, இறுகி, பாயப்போகும் பூனை மாதிரி நின்றது. தலைவர் ஏறி உட்கார்ந்தார். இடது கை கிளட்சைத் தேடியது. இடது கால் கியரைத் தேடியது. இரண்டும் ஏமாந்து திரும்பின.

“கிளட்ச் கிடையாது. கியர் கிடையாது. முறுக்கினா போகும். விட்டா தானா இழுத்துப் பிடிக்கும். மழை, ஊர், பாய்ச்சல்னு மூணு விதம் இருக்கு. நீங்க ஊர்லயே இருங்க.”

“ஓட்டறதுக்கு இவ்வளவுதானா?”

“உங்க வேலை இவ்வளவுதான். மீதி அதோட வேலை.”

“இதுல மனுஷனுக்கு என்ன பெருமை?”

“அது தனியா வாங்கணும்பா,” என்றாள் மகள். கஸ்டமரிடம் பேசுவதாகச் சொன்னதை மறந்துவிட்டாள். “ஆறு மணிக்குள்ள கொண்டு வந்துடுங்க. இன்னொருத்தர் பதிவு பண்ணியிருக்கார்.”

முதல் திருப்பம் தாண்டியதும் தலைவர் பாய்ச்சலுக்கு மாற்றி முறுக்கினார். வயிறு அங்கேயே நின்றுவிட்டது. அவர் மட்டும் அடுத்த சிக்னலுக்குப் போய்ச் சேர்ந்தார். பிடியை விட்டதும் வண்டி தானே இழுத்துப் பிடித்தது. கைக்கும் சக்கரத்துக்கும் நடுவே ஆள் யாரும் இல்லாத மாதிரி இருந்தது. தொடைக்கு நடுவே அடுப்பு எரியவில்லை. பல் அதிரவில்லை. சிக்னலில் நின்றால், நின்றுகொண்டிருந்தார், அவ்வளவுதான்.

குறைகளும் இருந்தன. இருக்கை பலகை மாதிரி. பாய்ச்சலில் வைத்தால் திரையில் சார்ஜ் கண்ணெதிரே கரைந்தது. எல்லாவற்றையும்விடப் பெரிய குறை, யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. தலைவர் கடைத்தெருவில் போகிறார், ஒரு தலை திரும்பவில்லை. நடுரோட்டில் படுத்திருந்த நாய்கூட எழுந்திருக்கவில்லை. அவர்தான் சுற்றிக்கொண்டு போனார்.

யாரும் தன்னைக் கேட்காததால் அவருக்கு மற்றதெல்லாம் கேட்க ஆரம்பித்தது. ஒரு பள்ளிக்கூடம் முழுக்கச் சேர்ந்து வாய்ப்பாடு சொன்னது. ஒரு மாடியில் யாரோ யாரையோ ‘சாப்பிட்டியா, சாப்பிட்டியா’ என்று போனில் கெஞ்சினார்கள். அவருடைய முழங்கால் வளையும்போது சத்தம் போட்டது. இத்தனை வருஷம் அது போட்டுக்கொண்டுதான் இருந்திருக்க வேண்டும்.

மதியம் வரைக்கும் சுற்றிய பிறகு, படிக்கிற கண்ணாடியைக் குளியலறையிலேயே வைத்துவிட்டு வந்தது ஞாபகம் வந்தது. கண்ணாடி இல்லாமல் சாயங்காலம் பேச்சைப் படிக்க முடியாது. வீட்டுக்கு விட்டார்.

*

வீட்டின் பக்கவாட்டுச் சந்தில்தான் வண்டி நிறுத்தும் வழக்கம். பின்னறை ஜன்னல் அந்தப் பக்கம்தான் திறக்கும். தலைவர் வந்து நின்றார். வந்தது அவருக்கே தெரியாத மாதிரி வந்திருந்தார்.

உள்ளே ரேடியோ பாடிக்கொண்டிருந்தது.

நல்ல குரல். அவசரமில்லாத குரல். ஒரு வரியை எடுத்து, அது எங்கே போகிறது என்று பார்க்க அதன் பின்னாலேயே நடந்து போகிற மாதிரி ஒரு பாட்டு. நடுவே சின்ன அரம் ஒன்று சர், சர் என்று தாளம் போட்டது. பிறகு ரேடியோ இருமியது. தண்ணீர் குடித்தது. விட்ட வரியை மறுபடி எடுத்தது.

ரேடியோ இருமாது என்பது தலைவருக்கு உறைக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

ஹெல்மெட்டைக் கழற்றினார். ஜன்னல் கம்பி வழியே அவள் முதுகு தெரிந்தது. மேஜை விளக்கு, மெழுகு, அவளுக்கு எதிரே வரிசையாகப் பல்செட்டுகள். அத்தனையும் வாய்கொள்ளாமல் சிரித்துக்கொண்டு பாட்டுக் கேட்டன. அந்தப் பற்களைப் பார்த்துத் தலைவருக்கு வாழ்க்கையில் முதல்முறையாகப் பொறாமை வந்தது.

கல்யாணமான புதிதில் அவள் பாடியிருக்கிறாள். மொட்டை மாடியில், துணி உலர்த்தும்போது. அவர் கீழே நின்று கேட்டிருக்கிறார். கேட்டவர் சும்மா இருந்திருக்கலாம். ‘நல்லாத்தான் இருக்கு. கொஞ்சம் மூக்குல வருது,’ என்றார். ஷவரைப் பார்த்து ‘கொஞ்சம் பக்கவாட்டுல அடிக்குது’ என்று சொல்வாரே, அதே குரல். கோபமில்லை, குத்தல் இல்லை. கருத்து, அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவள் பாடவில்லை. குடும்பம், குழந்தை, வேலை, விட்டுப்போயிருக்கும் என்று அவர் நினைத்துக்கொண்டார். அப்புறம் அதையும் நினைக்கவில்லை.

அவள் விடவே இல்லை.

கண்ணாடி உள்ளேதான் இருந்தது. உள்ளே போனால் பாட்டு நின்றுவிடும். தலைவர் வண்டியிலேயே உட்கார்ந்திருந்தார். வெயில் வழுக்கையில் இறங்கியது. அவளோடு ஒரே கூரையின் கீழ்தான் இத்தனை வருஷமும் படுத்து எழுந்திருக்கிறார். இருந்தும் அந்த ஜன்னல் கம்பி, இக்கரைக்கும் அக்கரைக்கும் நடுவே ஓடும் ஆறு மாதிரி இருந்தது. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, தான் எதிரே உட்கார்ந்திருப்பது தெரிந்தும் அவள் பாட மாட்டாளா என்று இருந்தது. பல்லாக இருந்தால்கூடப் போதும்.

மூக்கில் வரவில்லை. அப்போதும் வந்திருக்காது என்று இப்போது தோன்றியது.

கண்ணாடி இல்லாமலே திரும்பிப் போனார்.

*

சங்கக் கூட்டம் தலைவரின் கடைக் கிடங்கில் நடக்கும். கழிவறைக் கோப்பைகள் அடைத்த அட்டைப்பெட்டிகள்தான் நாற்காலி. வாசலில் நின்ற மின்சார வண்டியை உறுப்பினர்கள் தொடாமல் சுற்றி வந்தார்கள். யாரும் பார்க்காதபோது பொருளாளர் மட்டும் ஒருமுறை ஏறி உட்கார்ந்துவிட்டு இறங்கினார்.

தலைவர் எழுந்து பேச்சைப் பிரித்தார். எழுத்தெல்லாம் எறும்பாக ஊர்ந்தது. மடித்துப் பையில் வைத்தார்.

“வண்டி எப்படி தலைவரே?” என்றார் செயலாளர், எழுதிக்கொள்ளப் பேனாவைத் திறந்தபடி.

“சத்தமே இல்ல.”

“அதை முதல் குறைன்னு போட்டுக்கறேன்.”

“போடாத.”

பேனா நின்றது.

“வந்து நின்னா, வந்தது யாருக்கும் தெரியல,” என்றார் தலைவர்.

“அதைத்தானே தலைவரே நாம குறைன்னு சொல்றோம்?”

தலைவர் வாசலில் நின்ற வண்டியையே பார்த்தார். அட்டைப்பெட்டிகள் நெளிந்தன. அவர் வாய் திறந்து மூடுவதை, நடுவில் ஒரு கருத்தும் வெளிவராமல் மூடுவதை, சங்கம் இதற்கு முன் பார்த்ததில்லை.

“இன்னும் ஒரு வாரம் ஓட்டிப் பார்க்கணும்,” என்றார் கடைசியில்.

“உங்களுக்கா? ஒரு வாரமா?” என்றார் பொருளாளர். “போன மாசம் அணுசக்தியைப் பத்தியே டீ ஆறறதுக்குள்ள சொல்லி முடிச்சீங்களே.”

கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது. தலைவருக்கு உடம்பு சரியில்லையோ, அல்லது அதைவிட மோசமாக மனசு மாறிவிட்டதோ என்று செயலாளர் மட்டும் யோசித்துக்கொண்டே நின்றார்.

*

வண்டியைத் திருப்பிக் கொடுக்கும்போது கடையில் ஆள் குறைந்திருந்தது. மகள் கையிலிருந்த போனைப் பார்த்தபடி வந்தாள்.

“மத்தியானம் வீட்டுக்குப் போனீங்களாப்பா?”

“யார் சொன்னா?”

“வண்டிதான். எங்க நின்னுச்சு, எவ்வளவு நேரம் நின்னுச்சு, எல்லாம் இதுல வரும். நம்ம சந்துல ரொம்ப நேரம் நின்னிருக்கு.”

“கண்ணாடி எடுக்கப் போனேன்.”

“எங்க கண்ணாடி?”

தலைவர் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். எடுத்திருந்தால்தானே அங்கே இருக்கும்.

மகள் போனை மேஜையில் வைத்தாள். குரலைத் தாழ்த்தினாள். “பாடிக்கிட்டு இருந்தாங்களா?”

“உனக்குத் தெரியுமா?”

“எனக்குத் தெரியாம எப்படி இருக்கும்? நான் அதைக் கேட்டுத்தான் வளர்ந்தேன். பக்கத்து வீட்டுக்குத் தெரியும். பால் போடறவருக்குத் தெரியும்.”

“எனக்குத் தெரியாதே.”

“உங்க வண்டி தெருமுனை திரும்பறப்பவே கேட்டுடும்லப்பா. அதோட அம்மா நிறுத்திடுவாங்க. நான் டிவியை அணைப்பேன், அம்மா பாட்டை அணைப்பாங்க. அது பாட்டுக்கு ஒரு பழக்கம்.”

தலைவர் மின்சார வண்டியின் கைப்பிடியைத் தடவினார். “இதை நாம வாங்கிட்டா என்ன?”

அவள் விற்கத்தான் அங்கே இருந்தாள். அந்த மாத விற்பனையில் அவள் பின்தங்கியும் இருந்தாள். இருந்தாலும் தலையை ஆட்டினாள்.

“வேண்டாம்பா.”

“ஏன்? வண்டி நல்லா இல்லையா?”

“வண்டி நல்ல வண்டி. ஆனா நீங்க எப்ப வருவீங்கன்னு தெரியலைன்னா அம்மா எப்பவுமே வாயை மூடிக்கிட்டுதான் இருப்பாங்க. உங்க வண்டிச் சத்தம் தூரத்துல இருக்கற வரைக்கும்தான் அந்தப் பாட்டு.”

தலைவர் பழைய வண்டியை எடுத்தார். உதைத்ததும் அது உறுமியது. கண்ணாடிச் சுவர் அதிர்ந்தது. கடையில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் யாரையும் பார்க்கவில்லை.

“அப்பா, அம்மாகிட்ட கேட்டுடாதீங்க,” என்றாள் மகள், சத்தத்துக்கு மேலே கத்தி. “நான் வர நேரமாகும். கணக்கு முடிச்சிட்டுத்தான் வருவேன்.”

*

வெளிச்சம் இன்னும் முழுக்கப் போகவில்லை. தெருமுனைக்கு வந்ததும் ‘இடிமுழக்கம்’ சங்கத் தலைவர் எஞ்சினை அணைத்தார்.

இறங்கினார். தள்ள ஆரம்பித்தார்.

இடதுபக்கம் யாரோ வீடு கட்ட மணல் கொட்டியிருந்தார்கள். ஆகவே ஸ்டாண்டு இருக்கும் இடதுபக்கத்தை விட்டு வலதுபக்கம் நின்று தள்ளினார். வண்டிக்கு எடை இருந்தால்தான் மரியாதை. அந்த மரியாதை முழுவதையும் அவர் இப்போது இடுப்பால் சுமந்தார். சட்டை நனைந்தது. எதிரே படுத்திருந்த நாய், பகலில் கடைத்தெருவில் எழுந்திருக்காத அதே நாய், எழுந்து நின்று பார்த்தது.

சந்தில் திரும்பியபோது கேட்டது. பாட்டு. மதியத்தைவிடத் திறந்த குரல். அரத்தின் சர், சர் இல்லை. வேலை செய்துகொண்டே பாடும் பாட்டு இல்லை இது. உட்கார்ந்து பாடும் பாட்டு.

ஜன்னலுக்கு இன்னும் கொஞ்ச தூரம் இருக்கும்போது இடுப்பில் ஏதோ ‘டக்’ என்றது. தலைவர் பாதி வளைந்தவர் அப்படியே நின்றார். வண்டி மெல்ல, மிக மரியாதையாக, அவர் மேல் சாய்ந்தது. அவர் சுவரில் சாய்ந்தார்.

வலித்தது. கேட்டுக்கொண்டிருந்தார். ஹார்ன் அடித்தால் மனைவி ஓடி வருவாள். பாட்டு நின்றுவிடும். கட்டை விரலை ஹார்ன் மேல் வைத்தார். அழுத்தவில்லை. அந்த வரி ஏறி, கொஞ்சம் தயங்கி, இறங்கி வந்து அமரும் வரைக்கும் விரல் அங்கேயே இருந்தது.

பாட்டு முடிந்தது. உள்ளே யாரோ கை தட்டினார்கள்.

மகள் கடையில் இருக்கிறாள். பற்கள் கை தட்டாது. தலைவர் கழுத்தை மட்டும் திருப்பிப் பார்த்தார். வாசல் ஓரத்தில் ஒரு மின்சார மோட்டார் சைக்கிள் நின்றது. பகல் முழுக்க அவர் ஓட்டிய அதே ரகம், வேறு நிறம். சத்தமில்லாமல் வருகிறவர்கள் எத்தனையோ நாளாக வந்து கேட்டுவிட்டுப் போகலாம் என்று அவர் அதுவரை யோசிக்கவில்லை.

“அச்சு குடுத்துட்டுப் போகலாம்னுதான் ஒவ்வொரு தடவையும் வர்றேன். எழுந்திருக்கவே மனசு வரமாட்டேங்குது.” பல் டாக்டரம்மாவின் குரல். “இவ்வளவு நல்லா பாடறீங்க. சாருக்கு ஒரு தடவையாவது பாடிக் காட்டலாமே?”

மனைவி சிரித்தாள். அந்தச் சிரிப்பும் அவருக்குப் புதிது.

“அவருக்கா?” என்றாள். மேஜை விளக்கில் அவள் நிழல் சுவரில் அசைந்தது. “பாடணும்னு இல்லாம இல்ல டாக்டர். ஆனா அவருக்கு முன்னாடி பாடணும்னா முதல்ல அவரு...”

தெருமுனையில் இடி இடித்தது. செயலாளரின் மோட்டார் சைக்கிள். தலைவருக்கு என்ன ஆயிற்று என்று நேரில் பார்த்துவிட்டுப் போக வந்தார். சங்க விதிப்படி அவர் வருவது மூன்று தெருவுக்கு முன்பே கேட்க வேண்டும். கேட்டது. வேறெதுவும் கேட்கவில்லை. டாக்டரம்மா பக்கம் திரும்பியிருந்த அவள் உதடு அசைவது மட்டும் ஜன்னல் வழியே சாய்வாகத் தெரிந்தது. தலைவர் அந்த உதட்டையே பார்த்தார். உதட்டைப் படிக்க எந்தக் கண்ணாடியும் இல்லை.

செயலாளர் வந்து நின்று எஞ்சினை அணைத்தபோது உள்ளேயும் அமைதியாகிவிட்டிருந்தது.

“என்ன தலைவரே, இங்க நிக்கறீங்க? பெட்ரோல் தீர்ந்துடுச்சா?”

தலைவர் ஆமென்று தலையாட்டினார்.

“அப்ப வண்டியை ஸ்டாண்டு போட்டுட்டு வாங்க, நான் வாங்கிட்டு வர்றேன்.”

ஸ்டாண்டு அந்தப் பக்கம் இருந்தது.